புல்லும் ஒரு பயிர்தான்

நம் மொழியில் புல்லுக்கு மதிப்புக் குறைவு. அற்பமான எதையும் புல்லுக்குச் சமம் என்கிறோம். தமிழ்ப்பள்ளியில் நாம் மனனம் செய்த மூதுரையிலும், நெல்லுக்கு விட்ட தண்ணீரின் கசிவைக் கொண்டு பிழைப்பதாகத்தான் புல் வருகிறது. புல்லுக்கென்று யாரும் வாய்க்கால் வெட்டியதில்லை, உரம் போட்டதில்லை. அது தானாக முளைக்கும், மாடு மேயும், மறுபடியும் முளைக்கும். வேளாண் அறிவியலில் தீவனப் பயிர்ப் பாடத்தை நான் எடுத்தபோது விடுதி நண்பர்கள், "புல்லைப் படிக்கவா யூனிவர்சிட்டி வந்தே?" என்று சிரித்ததற்கும் இதுவே காரணம்.

தொழிற்பயிற்சிக்காகப் பேராக்கின் தென்பகுதியில் மாடு வளர்ப்பவர்களிடம் 12 வாரங்கள் போய் வந்தேன். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நான்கு மாடு, எட்டு மாடு, மிஞ்சினால் இருபது மாடு வைத்திருப்பவர்கள். நான் பார்த்தவரை அவர்களுக்கு மாட்டைப் பற்றித் தெரியாதது மிகக் குறைவு. ஆனால் அவர்களில் புல்லை நட்டு வளர்ப்பவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். இத்தனைக்கும், சாலையோரப் புல்லைவிடப் பல மடங்கு விளையும் தீவனப் புல் வகைகள் நாட்டிற்கு வந்து பல்லாண்டுகள் ஆகின்றன. நல்ல புல் கண்முன்னே இருக்கும்போது அதை ஏன் நடவில்லை? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

தோட்டத்து மாடுகள்

இந்நாட்டில் பால் மாடு வளர்ப்பு நெடுங்காலமாக நம்மவர் கையில் இருந்த தொழில். சஞ்சியிலும் கங்காணி வழியாகவும் தோட்டங்களுக்கு வந்தவர்களிடையே மாடு வளர்க்கும் பழக்கமும் கூடவே வந்தது. இந்தியாவிலிருந்து கொண்டு வரப்பட்ட மாடுகளின் வழிவந்த இனத்திற்கு 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே கால்நடை இலாகாவின் ஆவணங்களில் பெயர். காலையில் பால்மரம் வெட்டி, மாலையில் மாட்டைப் பார்த்தார்கள். தோட்டச் சம்பளம் சாப்பாட்டுக்கு, பால் காசு பிள்ளைகளின் படிப்புக்கு என்று கணக்குப் பிரித்த வீடுகள் பல. இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் சிலரின் பல்கலைக்கழகக் கட்டணமும் அப்படித்தான் வந்திருக்கும்.

அந்தக் கணக்கில் புல்லுக்குச் செலவே இல்லை. ரப்பர் மரங்களுக்கு இடையிலும், செம்மண் சாலை ஓரங்களிலும், ஓடைக்கரையிலும் புல் கிடைத்தது. நிர்வாகம் பார்த்தும் பாராமல் இருந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக் கன்றின் குருத்தை மாடு கடித்துவிடும் என்பதால் இளஞ்செடி நிற்கும் நிரைகளுக்குள் மாட்டை விடமாட்டார்கள். மரம் வளர்ந்து மட்டைகள் மூடிவிட்டாலோ, அடியில் வெயில் விழாது, புல்லும் அடர்த்தியாக வராது. இதற்கு இடையில் களைக்கொல்லி வேறு. பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்ற மருந்துகள் அடிக்கப்படுகின்றன. எந்த ஓரத்தில் நேற்று மருந்து அடித்தார்கள் என்று தெரியாமல் புல் அறுப்பது மாட்டுக்கும் ஆபத்து, பால் குடிப்பவருக்கும் ஆபத்து. தோட்டமே வீடமைப்புத் திட்டமாக மாறிவிட்ட இடங்களில் மாடும் மாட்டுக்காரரும் ஆற்றோர ஒதுக்கு நிலத்திற்கு நகர்ந்தார்கள்.

மேய்ச்சல் இடம் சுருங்கிய அதே காலத்தில் மாடும் மாறியது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் சாகிவால், ஃபிரீசியன் கலப்பின மாடுகள் வந்தன. பழைய தோட்டத்து மாடு கொஞ்சம் புல்லைத் தின்று கொஞ்சம் பால் கொடுத்தது. கலப்பின மாடு நல்ல தீனி கிடைத்தால் நாளுக்கு 8, 10 லிட்டர் கொடுக்கும். தீனி கிடைக்காவிட்டால் பால் வற்றுவதோடு நிற்காது. மாடு மெலியும், சினைக்கு வராது, கன்று ஈனும் இடைவெளி நீளும். இந்த இரண்டாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாத இழப்பு. ஆறு மாதம் வெறும் வயிறாக நிற்கும் மாடு தினமும் தின்றுகொண்டேதான் இருக்கிறது. ஆகவே இரண்டு தலைமுறைக்கு முன் இலவசப் புல் போதுமானதாக இருந்தது என்பதைக் கொண்டு இன்றும் அது போதும் என்று சொல்ல முடியாது.

எந்தப் புல், ஏன்?

புல்லின் தரம் என்பது பெரும்பாலும் அதன் வயதுதான். இளம் புல்லில் இலை அதிகம், புரதம் அதிகம். முற்ற முற்றத் தண்டு தடித்து நார் கூடும், புரதம் இறங்கும். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் நாரைச் செரித்துக் கொடுக்கின்றன. காய்ந்த எடையில் புரதம் ஏறக்குறைய 7 விழுக்காட்டிற்குக் கீழே போனால் அந்த நுண்ணுயிர்களுக்கே உணவு போதாது. செரிமானம் மந்தமாகி, வயிறு நிறைந்திருக்கும்போதே மாடு பட்டினி கிடக்கும். முற்றிய லாலாங் புல்லைப் போட்டு மாட்டை வளர்க்க முடியாததற்குக் காரணம் இதுவே.

அறுத்துப் போடுவதற்கு ஏற்ற புற்களில் முதலிடம் நேப்பியருக்கு. ஆப்பிரிக்காவில் தோன்றியது. யானைப்புல் என்றும் சொல்வார்கள். ரொடீசியாவின் புலவாயோவைச் சேர்ந்த கர்னல் நேப்பியர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதன் பயனை எடுத்துச் சொன்னதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆள் உயரத்திற்கு மேல் வளரும். ஆறு வாரத்தில் அறுத்தால் காய்ந்த எடையில் 10 விழுக்காடு அளவுக்குப் புரதம் இருக்கும். அதே புல்லை மூன்று மாதம் விட்டு அறுத்தால் 6 விழுக்காட்டுப் பக்கம் வந்துவிடும்.

நேப்பியரோடு நம் கம்பைக் கலந்து உருவாக்கியதுதான் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். இதில் கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்குப் பெரும் பங்கு உண்டு. அங்கிருந்து வந்த கோ-3 இரகம் இலங்கையின் சிறு பண்ணைகளில் பரவலாக நடப்படுகிறது. அதற்கடுத்த கோ-4, 2008-இல் வெளியிடப்பட்டது. நம் நாட்டுப் பண்ணைகளில் இப்போது அடிக்கடி கேள்விப்படும் பெயர் தாய்லாந்திலிருந்து வந்த 'பாக்சோங்'. அதுவும் இதே குடும்பத்து ஒட்டுப்புல்தான்.

இந்த ஒட்டுப்புல்லின் ஒரு குணத்தை விளக்கியாக வேண்டும். ஏனெனில் பின்னால் வரும் பல செய்திகள் அதன்மேல்தான் நிற்கின்றன. கம்புக்கு 14 குரோமோசோம்கள். நேப்பியருக்கு 28. பிள்ளைக்கு இரண்டிலிருந்தும் பாதிப்பாதி சேர்ந்து 21. ஒற்றைப்படை எண் ஆதலால் அவை சரியாக இணை சேர முடிவதில்லை. கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்த கோவேறு கழுதை போல இந்தப் புல்லும் மலடு. கதிர் வந்தாலும் விதை பிடிக்காது. எனவே விதைப் பொட்டலமாக இதைக் கடையில் வாங்க முடியாது. கரும்பைப் போலக் கணுவுள்ள தண்டை வெட்டிக் கரணையாக நட வேண்டும். ஒருவர் வெட்டிக் கொடுத்தால்தான் இன்னொருவருக்குக் கிடைக்கும்.

நேப்பியர் ஒன்றுதான் புல் என்பதும் இல்லை. கினியாப் புல் ஓரளவு நிழலையும் தாங்கும், மாடு விரும்பித் தின்னும். தண்ணீர் தேங்கும் தாழ்ந்த நிலத்தில் நேப்பியர் அழுகிவிடும். அங்கே எருமைப்புல் வரும். மிதிபடும் மேய்ச்சல் நிலத்திற்கு, தரையோடு படரும் பிரேக்கியேரியா வகைகள் பொருத்தம்.

பிரேக்கியேரியா பற்றிப் பேசும்போது சிக்னல் புல்லின் கதையையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டு மண்ணில் அருமையாக வளரும் என்று பண்ணைகளில் பெருமளவில் நடப்பட்ட புல் அது. மாடுகளுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அதில் ஆடுகளை, குறிப்பாகச் செம்மறிகளை, மேயவிட்டபோது அவை நோயில் விழுந்தன. காதும் முகமும் வீங்கின, கண் மஞ்சளடித்தது, வெயில் பட்ட தோல் உரிந்தது. 1980-களில் மலேசிய ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் புல்லின்மேல் வளரும் பூஞ்சணத்தின்மேல் பழி விழுந்தது. பிறகு புல்லிலேயே உள்ள சப்போனின் என்னும் பொருள் ஈரலைக் கெடுக்கிறது என்று தெளிவானது. ஈரல் கெட்டால் பச்சையம் சிதைவதால் உண்டாகும் ஒரு நிறமி வெளியேறாமல் இரத்தத்தில் தங்கிவிடுகிறது. அதன்மேல் வெயில் படும்போது தோல் வெந்து போகிறது. எந்த மண்ணில் எவ்வளவு விளையும் என்று மட்டும் பார்த்து ஒரு புல்லை 'மேம்பட்ட' இரகம் என்று அழைப்பதில் உள்ள சிக்கலை எனக்குக் காட்டியது இந்தச் சிக்னல் புல்தான். யார் வீட்டு எந்தக் கால்நடைக்கு என்ற கேள்வி முன்னால் வந்திருக்க வேண்டும்.

ஏன் நடவில்லை?

பயிற்சியின் முதல் வாரத்தில் நான் கேட்ட பதில், "விழிப்புணர்வு இல்லை" என்பது. கருத்தரங்குகளில் இந்தச் சொல் அடிக்கடி வரும். விவசாயிக்குத் தெரியாது, நாம் சொல்லிக் கொடுத்தால் செய்வார் என்பது அதன் பொருள். பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் நம்பவில்லை.

எட்டு மாடுகள் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் நேப்பியர் பற்றிய துண்டறிக்கையைக் கொடுத்தேன். வயது அறுபதைத் தாண்டியவர். படத்தைப் பார்த்ததும், "தெரியும் தம்பி. இது நல்ல புல்லுதான். எங்க நடச் சொல்றீங்க?" என்றார். அவருடைய கொட்டகை ஆற்றோரத்தில் இருந்தது. வீடு மூன்று கிலோமீட்டர் தள்ளி, மலிவு விலை அடுக்குமாடியில். தினமும் இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் அரிவாளோடு கிளம்புவார். சாக்குகளில் புல்லை அடைத்துக்கொண்டு திரும்பும்போது ஐந்தாகிவிடும். மழை பெய்தாலும் போக வேண்டும், தீபாவளி அன்றும் போக வேண்டும்.

அவருடைய கேள்வியைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளுக்குத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தின்னும். அது 40 கிலோ. நான்கு மாட்டுக்கு 160 கிலோ. ஆண்டுக்கு 58 டன். கோ-4 இரகத்தின் விளைச்சலாகக் கோயம்புத்தூர் சொல்வது ஹெக்டேருக்கு ஆண்டில் 380 முதல் 400 டன். அதாவது ஏக்கருக்கு 150 டன்னுக்கு மேல். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது நல்ல நிலத்தில், முறையான பாசனத்தோடும் உரத்தோடும் கிடைப்பது. ஆற்றோரத்து மேட்டில், கொட்டகைச் சாணத்தை மட்டும் நம்பி வளர்ப்பவர் ஏக்கருக்கு 60 டன்னை எதிர்பார்ப்பதே அறிவுடைமை. அப்படியானால் ஓர் ஏக்கர் நான்கு மாட்டுக்குச் சரியாக இருக்கும். எட்டு மாட்டுக்கு இரண்டு ஏக்கர்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஓர் ஏக்கரை 45 பாத்திகளாகப் பிரித்து நாளுக்கு ஒரு பாத்தி அறுத்தால், முதல் பாத்திக்குத் திரும்பி வரும்போது அதன் புல்லுக்கு 45 நாள் வயது ஆகியிருக்கும். ஒரு பாத்தி ஏறக்குறைய 90 சதுர மீட்டர். நம் விடுதியின் பூப்பந்துத் திடலைவிடச் சற்றே பெரியது. அவ்வளவு இடத்தில் நின்று அறுத்தால் நான்கு மாட்டுக்கு அன்றைய தீனி முடிந்தது. மோட்டார் சைக்கிள் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், மூன்று மணி நேரம் முக்கால் மணியாகும். பெரியவரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முகத்தில் முதன்முதலாக ஓர் ஆர்வத்தைக் கண்டேன். புரத விழுக்காட்டைச் சொன்னபோது அது வரவில்லை.

ஆனால் நிலம்? நேப்பியர் ஒருமுறை நட்டால் நான்கு ஆண்டு போல நின்று பலன் தரும் பயிர். செலவும் பாடும் முதல் சில மாதங்களில் வந்துவிடும். காட்டை வெட்ட வேண்டும், மண்ணைப் புரட்ட வேண்டும். மீட்டருக்கு ஒரு வரிசை, அரை மீட்டருக்கு ஒரு கரணை என்று நட்டால் ஏக்கருக்கு 8,000 கரணை வேண்டும். முதல் அறுவடைக்கு இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டும். பிறகுதான் போட்டது திரும்பி வரத் தொடங்கும். இப்படிப்பட்ட பயிரை ஒருவர் நட வேண்டுமானால் அடுத்த ஆண்டும் அந்த இடம் தம்மிடம் இருக்கும் என்ற உறுதி வேண்டும். நம் மாட்டுக்காரர்கள் பலர் இருப்பது அரசாங்க நிலத்தில். சிலரிடம் டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமம் உண்டு. தேசிய நிலச் சட்டப்படி அது எந்த மாதத்தில் எடுத்தாலும் அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். மறு ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். சிலரிடம் அதுவும் இல்லை. நான்கு ஆண்டுப் பயிரை ஓராண்டுத் தாளை நம்பி யார் நடுவார்? அந்தப் பெரியவர் நட மறுத்தது அறியாமையால் அன்று. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதோடு பி.கே.சி. என்று எல்லாரும் அழைக்கும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கும் சேர்ந்துகொள்கிறது. நம் நாட்டில் தாராளமாகக் கிடைப்பது. 14 முதல் 16 விழுக்காடு புரதம் கொண்டது. புல் குறைந்த நாளில் கூட ஒரு வாளி பி.கே.சி. போட்டுச் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் உண்டு. அதனால் புல் நடும் வேலை எப்போதும் அடுத்த மாதத்திற்குத் தள்ளிப் போகிறது. பி.கே.சி. நல்ல தீவனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மூட்டை விலை ஏறும் மாதங்களில் பால் காசு முழுவதும் மூட்டைக்கே போய்விடுகிறது என்று ஓர் அக்கா குறைப்பட்டுக்கொண்டார். அவர் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் அது தெளிவாகவே தெரிந்தது.

அண்டை நாடுகளில் நடந்தது

இவ்விடத்தில் நம் வட்டாரத்தில் நடந்த ஒரு முயற்சியைக் குறிப்பிடுவது பொருத்தம். 1995 முதல் 1999 வரை 'சிறு விவசாயிகளுக்கான தீவனப் பயிர்கள்' என்ற திட்டம் தென்கிழக்காசியாவில் நடைபெற்றது. கொலம்பியாவைத் தலைமையிடமாகக் கொண்ட சியாட் என்னும் அனைத்துலக வேளாண் ஆய்வு மையமும் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனமும் சேர்ந்து நடத்தின. ஆஸ்திரேலிய அரசு பணம் கொடுத்தது. மலேசியாவும் அதில் பங்கு பெற்றது. அதற்கு முன்பெல்லாம் ஆய்வு நிலையத்தில் ஒரு புல்லைத் தேர்ந்தெடுத்து, 'இதை நடுங்கள்' என்று கொண்டு போய்க் கொடுப்பதே வழக்கம். இவர்கள் அதை மாற்றினார்கள். முதலில் விவசாயிகளோடு உட்கார்ந்து அவர்களுடைய தொல்லை என்ன என்று கேட்டார்கள். பிறகு ஒன்றுக்குப் பத்தாகப் புல்லும் பயறு வகைகளும் கொடுத்து, வேண்டியதை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள்.

விளைவுகள் எதிர்பாராதவை. லாவோஸ் மலைக் கிராமங்களில் ஸ்டைலோ 184 என்ற பயறு வகைச் செடியைப் பெண்கள் பன்றிக்குப் போட்டுப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் இந்த இனத்தை முயல் மசால் என்பர். பன்றிக்காகக் காட்டில் இலை தழை தேடி, சுமந்து வந்து, நறுக்கி, வேகவைத்து அந்தப் பெண்கள் நாள்தோறும் பல மணி நேரத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டருகே வளரும் ஸ்டைலோவை அறுத்து அப்படியே போடலாம். பன்றியும் விரைவாக வளர்ந்தது. வியட்நாமின் துயேன் குவாங் மாநிலத்தில் கினியாப் புல்லை விவசாயிகள் குளத்து மீனுக்குப் போட்டார்கள். புல்கெண்டை என்று ஒரு மீன் இருக்கிறது, அது புல்லையே தின்று வளரும். பிலிப்பீன்ஸ் நாட்டின் மிண்டனாவோவிலோ, செட்டேரியாப் புல்லைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டு மண் அரிப்பைத் தடுத்து, அறுத்த புல்லை மாட்டுக்கும் போட்டார்கள்.

தாய்லாந்தின் வடகிழக்கில் இன்னொரு வழி. அங்கே 1970-களிலிருந்து கால்நடைத் துறை கிராமத்து விவசாயிகளைக் கொண்டே ருசிப் புல்லின் விதையை விளைவித்து, அதை விலை கொடுத்து வாங்கியது. மாடு இல்லாதவருக்கும் புல் ஒரு வருமானப் பயிர் ஆனது. (இந்த 'ருசி'க்கும் நம் ருசிக்கும் தொடர்பில்லை. ஆப்பிரிக்காவின் ருசிசி பள்ளத்தாக்கின் பெயர்.)

இவற்றைப் படித்தபோது எனக்குப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது. லாவோஸ் பெண்களுக்கும் அவருக்கும் பெருந்தொல்லையாக இருந்தது ஒன்றே, தீனி தேடி அலையும் நேரம். ஏக்கருக்கு இத்தனை டன் என்ற பேச்சு ஆய்வாளருக்கு இனிக்கும். இரண்டு மணிக்கு வெயிலில் கிளம்ப வேண்டாம் என்ற பேச்சுத்தான் மாட்டுக்காரர் காதில் விழும்.

கையிலிருந்து கைக்கு

நான் போன வட்டாரத்தில் புல் நட்டிருந்த ஒருவர் ஓர் அண்ணன். சொந்தமாக முக்கால் ஏக்கர் வைத்திருந்தார். அவரிடமிருந்து மூன்று ஆண்டுகளில் ஐந்து பேருக்குக் கரணை போயிருக்கிறது. ஐந்து பேரும் உறவினர்கள், அல்லது கோயில் திருவிழாவில் சந்தித்தவர்கள். துண்டறிக்கை படித்து வந்தவர் ஒருவரும் இல்லை. அவருடைய மாட்டின் மடியைப் பார்த்துவிட்டு, "என்னாடா போடுறே?" என்று கேட்டு வந்தவர்கள். விதை இல்லாத புல் இப்படித்தான் பரவும். கரணை கனமானது. ஒரு நாளுக்கு மேல் வெயிலில் கிடந்தால் காய்ந்துவிடும். லாரியில் ஏற்றித் தூரம் கொண்டு போவது வீண் செலவு. ஆகவே வட்டாரத்திற்கு ஒரு நல்ல பாத்தி இருந்து, அங்கிருந்து சுற்றிலும் கொடுப்பதே இதற்கு ஏற்ற முறை. இலாகா நூறு பேருக்குக் கூட்டம் போடுவதைவிட, பத்து வட்டாரங்களில் இப்படிப்பட்ட ஓர் அண்ணனுக்கு உழவுச் செலவைக் கொடுத்து, பதிலுக்கு அவர் ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் கரணை வெட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்வது மேல் என்பது என் கருத்து.

ஆனால் கரணையைக் கொடுத்தால் மட்டும் போதாது. கூடச் சில செய்திகளும் போக வேண்டும். கரணைக்கு மூன்று மாதம் முற்றிய தண்டு வேண்டும். இளந்தண்டு அழுகிவிடும். மூன்று கணு வைத்து வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் ஒன்று வெளியிலும் இருக்குமாறு சாய்த்து ஊன்ற வேண்டும். கணுவில் உள்ள முளை மேல் நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக நட்டுவிட்டு, 'இந்தப் புல் நம்ம மண்ணுக்கு ஆகாது' என்று தீர்ப்புச் சொன்னவரையும் சந்தித்தேன். அறுக்கும்போது தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்தால் மறுபடி நன்றாகத் தூர் கட்டும்.

அதைவிட முக்கியம் எப்போது அறுப்பது என்பது. புல் தலைக்கு மேல் உயர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது யாருக்கும் மனம் நிறையும். இன்னும் ஒரு மாதம் விட்டால் இன்னும் கூடுமே என்று தோன்றும். கூடுவது தண்டு. அதை மாடு மென்று துப்பிவிட்டு, இலையை மட்டும் பொறுக்கும். மாட்டுத் தொட்டியில் மிஞ்சிக் கிடக்கும் தண்டைப் பார்த்தாலே எத்தனை வாரம் தாமதம் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது உரம். மேயும் மாடு சாணத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். அறுத்துக் கொண்டு வரும்போது நிலத்தின் சத்தையும் சேர்த்துத்தான் சுமந்து வருகிறோம். மேலே சொன்ன 58 டன் பச்சைப் புல்லில் நீர் போகக் காய்ந்த எடை 10 டன்னுக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறைய 165 கிலோ தழைச்சத்து இருக்கும். யூரியாவாகக் கணக்கிட்டால் 50 கிலோ மூட்டையில் ஏழுக்கு மேல். இதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே புல் மஞ்சளடிக்கும். ஏழு மூட்டை வாங்கத் தேவையில்லை. அந்த நான்கு மாட்டின் சாணத்தையும், கொட்டகை கழுவிய நீரையும் ஆற்றில் விடாமல் பாத்திக்குத் திருப்பிவிட்டாலே பெரும்பகுதி ஈடாகும். சிறுநீரில்தான் தழைச்சத்து அதிகம் என்பதால் கழுவிய நீரை வீணாக்கக்கூடாது. ஆற்றில் சாணம் கலக்கிறது என்ற புகாரும் அதனால் குறையும். ஆற்றோரத்து மாட்டுக்காரர்களுக்கு வரும் தொல்லைகளில் பாதி அந்தப் புகாரால் வருவதுதான்.

முக்கால் ஏக்கர் அண்ணன் வேலியோரம் முழுக்கக் கிளைரிசிடியாவும் சவுண்டலும் நட்டிருந்தார். மலாய்க்காரர்கள் பெத்தாய் பெலாலாங் என்பார்களே, அதுதான் சவுண்டல். இவற்றின் தழையில் புரதம் மிகுதி. சவுண்டலில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஆகவே மொத்தத் தீனியில் நான்கில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொண்டார். அவருக்கு மிமோசின் என்ற பெயர் தெரியாது. நிறையப் போட்டால் மாட்டுக்கு மயிர் கொட்டும் என்பது தெரிந்திருந்தது.

நிலப் பிரச்சினைக்கு இவை எதுவும் விடையாகாது. டி.ஓ.எல். தாளைப் பல ஆண்டுக் குத்தகையாக மாற்றித் தரும் அதிகாரம் மாநில அரசுகளிடம் இருக்கிறது. நில விவகாரம் மாநிலத்திற்கு உரியது. தனித்தனியாக மனுக் கொடுக்கும் மாட்டுக்காரருக்கு மாவட்ட நில அலுவலகத்தின் பாரங்களை நிரப்பவே ஆள் தேவைப்படுகிறது. அவர்களில் பலர் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு தோட்ட வேலைக்குப் போனவர்கள். மலாயில் கடிதம் எழுதுவது அவர்களுக்குப் புல் அறுப்பதைவிடக் கடினம். நான் தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். பயிற்சிக் காலத்தில் பாத்தி அளந்ததைவிட அதிகமாக நான் செய்தது இந்தக் கடிதம் எழுதும் வேலைதான். சட்டத்துறையிலும் நில அளவைத் துறையிலும் பயிலும் நம் கழகத்தினர் இரண்டு பேர் ஒரு விடுமுறைக்கு வந்தால் என்னைவிடச் செவ்வையாகச் செய்வார்கள்.

அந்தப் பெரியவரின் மனுவையும் மற்ற மூவரின் மனுவையும் ஒரே கோப்பாகச் சேர்த்து, ஆறு ஏக்கருக்கு ஐந்தாண்டுக் குத்தகை கேட்டுக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. அதற்குள் அவர் சும்மா இருக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த இருபதடி மேட்டில், அண்ணனிடமிருந்து வாங்கிய முப்பது கரணையை ஊன்றியிருக்கிறார். அது ஒரு மாட்டுக்கும் போதாது. "தீனிக்கில்ல தம்பி, இது வெதைக்கு. தாளு வந்தா நாலு பேருக்கும் வெட்டிக் குடுக்கணும்ல" என்றார்.